ரோசாச் செடியும் வளவு நாயும்

ரோசாவில் நஞ்சு இல்லை. இதழ், இலை, தண்டு எதை மென்றாலும் நாய்க்கு விஷம் ஏறாது. ஒரு கை இதழைத் தின்றால் ஒருமுறை சத்தி எடுக்கும், வயிறு கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். மட்டக்களப்பில் கல்லடி, ஆரையம்பதிப் பக்கத்து மணல் வளவுகளில் பார்க்க வேண்டியது செடியின் அடியில் போடுவதைத்தான்.

மணலில் சத்து நிற்காது என்று மீன் தலை, குடல், செதிலைக் குழியில் போட்டு மூடுகிறோம். ஒரு சாண் ஆழம் என்றால் நாய் அன்றிரவே தோண்டிவிடும். முள் தொண்டையில் சிக்கும், பழுதான மீன் வயிற்றைக் கலக்கும், ரோசா வேரும் அறும். குழி ஒன்றரை அடியாவது இருக்கட்டும். மீனுக்கு மேல் அரை அடி மண், அதன் மேல் கம்பிவலைத் துண்டு, பிறகு மிச்ச மண். மணலில் குழியின் ஓரம் சரியும், அதனால் குழியின் மேல்பாதியை அகலமாக வெட்டி, வலை மீன் கிடக்கும் அடிக்குழியைவிடச் சுற்றிவர அரை அடி அகலமாக இருக்க வேண்டும். இவ்வளவு சிரமம் எதற்கு என்று நினைத்தால், மூடியுள்ள வாளியில் மக்கவைத்துப் போடுங்கள், மணமும் அடங்கிவிடும்.

எலும்புத் தூளும் அதே கதைதான். நாய்க்கு அது தீன். நிறையத் தின்றால் வயிற்றில் கட்டியாக இறுகி அடைத்துக்கொள்ளும். ஆமணக்குப் புண்ணாக்கு சேர்ந்த பசளை என்றால் நாய் உள்ள வளவுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

ஆனால் உயிரை எடுப்பது வேறு: வேரடியில் தூவும் குருணைப் பூச்சிநாசினியையும் மீனையும் ஒரே குழியில் போடுவது. மீன் வாசம் நாயை இழுக்கும், மருந்து கூடவே உள்ளே போகும். வாயில் நீர் வடிதல், கண்ணீர், கழிச்சல், கண்மணி சுருங்குதல், நடுக்கம் என்று தொடங்கும். மாரியில் நத்தைக்கு வைக்கும் மெட்டல்டிஹைட் உருண்டையும் இப்படித்தான். தவிடு கலந்திருப்பதால் நாய் விரும்பித் தின்னும்; சில மணி நேரத்துக்குள் உடல் கொதித்து வலிப்பு வரும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. இரவில் டோர்ச்சோடு போய் நத்தையைப் பொறுக்கி உப்புத்தண்ணீர் வாளியில் போடுவதுதான் நல்லது, வாளியை நாய் எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டு.

நாய் மருந்தைத் தின்றுவிட்டால் உப்புத்தண்ணீர் பருக்க வேண்டாம். உப்பு கூடினால் அதுவே நஞ்சு. நடுங்கும் நாயின் வாயில் ஊற்றும் எதுவும், பால் உட்பட, நுரையீரலுக்குள் போகலாம். மருந்துப் பெட்டியையோ பையையோ எடுத்துக்கொண்டு உடனே மிருக வைத்தியரிடம் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் அவர் சரியான ஊசியைப் போட முடியும்.

தெளிக்கும் மருந்து என்றால் இலையும் மண்ணும் காயும்வரை நாயைக் கட்டிவையுங்கள். பாதத்தில் ஒட்டியதை நக்கி அது உள்ளே எடுக்கும்.

இனி முள். வெயிலுக்கு ஈர மண் தேடிச் செடியடியில் படுக்கும் நாய்க்குத்தான் குத்தும். தரையிலிருந்து ஒன்றரை அடிவரை பக்கக் கிளைகளை வெட்டிவிட்டால் பாதி தொல்லை தீரும். வெட்டிய தடிகளை மணலில் விடாமல் அன்றே பொறுக்குங்கள். காய்ந்த முள் மணலுக்குள் கண்ணுக்குத் தெரியாது. பாதத்தில் ஏறினால் சிறு சாவணத்தால் ஏறிய கோணத்திலேயே வெளியே இழுத்து எடுத்து, கொதித்தாறிய அரை லீற்றர் நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கழுவுங்கள். வலிக்கிறதே என்று பனடோல் கொடுக்காதீர்கள். இரண்டு நாளில் வீக்கம் வற்றாவிட்டால் முள் நுனி உள்ளே முறிந்திருக்கலாம். முள் கண்ணில் பட்டு, நாய் கண்ணை மூடிக்கொண்டு காலால் தேய்த்தால் அன்றைக்கே வைத்தியம் வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய கண் துளிமருந்தை விட வேண்டாம்.

பெயரில் மட்டும் ரோசாவாக இருப்பதுதான் மோசம். பாலைவன ரோசா என்று சாடியில் விற்கும் அடீனியம் அலரிக் குடும்பம். அதன் சாறும் இலையும் இதயத் துடிப்பைக் குழப்பும். அந்தச் சாடியை நாய் எட்டாத மதில் மேல் ஏற்றிவிடுங்கள்.