கலியானோ கேட்டு வளர்ந்ததை என் அக்கார்டியனில் வாசித்துப் பார்க்கிறேன்

பிரெஞ்சு அக்கார்டியன் கலைஞர் ரிச்சர்ட் கலியானோவைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு அக்கார்டியன் பித்துப் பிடித்தது. அவர் வாசித்ததை அப்படியே நகலெடுப்பதைவிட, அவர் யாரையெல்லாம் கேட்டு வளர்ந்தாரோ அந்த இசையை ஒவ்வொன்றாக என் கருவியில் ஏற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. கொஞ்ச காலமாக அதுதான் என் பயிற்சி. என்னுடையது இடக்கைக்கு 120 பாஸ் பட்டனும் வலக்கைக்குப் பியானோக் கட்டைகளும் உள்ள பியானோ அக்கார்டியன். அவருடைய கருவியில் வலக்கைக்கும் பட்டன்கள்தான், அதனால் விரல் வைப்பை அவரிடமிருந்து எடுக்க முடியாது. இழுத்துத் தள்ளிக் காற்றடிக்கும் துருத்தியின் வேலையை எடுக்கலாம்.

முதலில் முஸெட் வால்ட்ஸ், அதாவது பாரிஸ் நடனக்கூடங்களின் மூன்று துடிப்பு அக்கார்டியன் இசை. கலியானோ 1950இல் பிறந்தவர். அப்பாவே அக்கார்டியன் கற்றுக்கொடுத்தவர் என்பதால் இது வீட்டு இசை. முஸெட்டே ஒரு கலவைதான்: ஓவெர்ன் பகுதியிலிருந்து பாரிஸுக்கு வந்தவர்களின் பைக்குழல் இசை, இத்தாலியர்கள் கொண்டுவந்த அக்கார்டியன், பிறகு ஜிப்சி கிட்டார்க்காரர்கள். இடக்கையில் ஒரு பாஸ் (தனிக் கீழ் ஸ்வரம்), இரண்டு கார்டு (சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது). அந்தக் கார்டுகளைத் தொட்ட கணமே விரலை எடுத்துவிட வேண்டும். அப்படி எடுத்தால்தான் வால்ட்ஸ் மிதக்கிறது, இல்லையென்றால் தரையை உரசிக்கொண்டு போகிறது.

அப்புறம் கிளிஃபோர்ட் பிரவுன். கலியானோ பதினான்கு வயதில் இந்த ஜாஸ் டிரம்பெட் கலைஞரைக் கேட்டு அசந்துபோனவர். நீஸ் இசைப் பள்ளியில் டிராம்போனும் படித்திருக்கிறார். என்னைக் கேட்டால் அவருடைய வாசிப்பின் சாவி இங்கேதான் இருக்கிறது. ஊதுகிறவர் எங்காவது மூச்சு வாங்கியே ஆக வேண்டும். அக்கார்டியனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதனால் விரல்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், கேட்பவருக்குத்தான் மூச்சு முட்டும்.

பிரவுனின் சின்னச் சின்ன வாக்கியங்களை முதலில் வாயால் பாடினேன். எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கே மட்டும் துருத்தியின் திசையை மாற்றினேன். ஒன்றுக்கு மேற்பட்ட ரீட்கள் (காற்றில் அதிரும் உலோகத் தகடுகள்) சேர்ந்து நடுங்கும் முஸெட் ஒலியை நிறுத்திவிட்டு ஒற்றை ரீட் சுவிட்சுக்குப் போனதும் ஒவ்வொரு ஸ்வரமும் எப்படித் தொடங்குகிறது என்பது தெளிவாகக் கேட்டது. கட்டையை முதலில் அழுத்திவிட்டுத் துருத்தியை இழுத்தால் ஸ்வரம் மெல்ல மலர்கிறது. துருத்தியில் அழுத்தம் சேர்ந்த பிறகு கட்டையைத் தட்டினால் டிரம்பெட்டில் நாக்கு வைத்து ஊதியது போல நறுக்கென்று பிறக்கிறது. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்துக்குள் மாற்றி மாற்றி வாசிப்பதில்தான் அதிக நேரம் செலவிட்டேன். சலிக்கவே இல்லை!

மூன்றாவது, டாங்கோ இசையமைப்பாளர் ஆஸ்டர் பியாசோலா. 1921இல் அர்ஜென்டினாவில் பிறந்து, நியூயார்க்கில் ஜாஸும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையும் கேட்டு வளர்ந்தவர். 1954இல் பாரிஸில் இசை ஆசிரியை நாடியா பூலாஞ்சேயிடம் படிக்கப் போனபோது அந்த அம்மையார்தான் அவரை டாங்கோவிலேயே நிற்கச் சொன்னார். பிற்பாடு பியாசோலா, தான் டாங்கோவுக்குச் செய்ததை முஸெட்டுக்குச் செய்யும்படி கலியானோவைத் தூண்டினார். கலியானோவின் 'நியூ முஸெட்' பாணி அப்படி வந்ததுதான்.

எட்டுத் துடிப்பை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிக்கும் பியாசோலாவின் தாளத்தில், ஒவ்வொரு பிரிவின் முதல் துடிப்பிலும் இடது முன்கையால் துருத்தியை ஒரு சின்ன உதறு உதற வேண்டும். பாண்டோனியன் (டாங்கோவில் வாசிக்கும் பட்டன் துருத்திக் கருவி) வாசிப்பவர்கள் அதை முழங்காலில் வைத்து, அதன் எடை விழும் வேகத்தையே அழுத்தமாக்கிவிடுவார்கள். தோளில் மாட்டிய அக்கார்டியனில் அந்த வசதி கிடையாது, முழுக்கக் கைதான். துருத்தி அதிகம் விரியாமல் இருக்கும்போது உதறல் நன்றாக விழுகிறது. முக்கால்வாசி விரிந்த பிறகு அது தளர்ந்துவிடுகிறது. அதனால் அழுத்தமான பகுதி வருவதற்கு முன்பே துருத்தியை மூடிவைத்துக்கொள்கிறேன்.

பாக் பக்கம் இப்போதுதான் வந்திருக்கிறேன். கலியானோ 2010இல் பாக் இசைக்கென்றே ஒரு தொகுப்பு வெளியிட்டார். என் கருவியின் இடக்கை பாஸில் ஒரே ஓர் ஆக்டேவ்தான். பாக்கின் கீழ்க் குரல் அதைத் தாண்டி இறங்கும் இடங்களிலெல்லாம் மேலே மடக்க வேண்டிவரும், அப்போது வரியின் வடிவமே போய்விடும். சரி, இப்போதைக்கு இடக்கையை விட்டுவிட்டுத் தனி வயலினுக்குப் பாக் எழுதியவற்றை வலக்கையில் மட்டும் வாசிக்கிறேன். வில் திரும்பும் இடத்தில் துருத்தியும் திரும்பினால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு வரியாகப் பென்சிலில் குறித்துக்கொண்டு வருகிறேன்.