மணலில் குண்டு பாய்ந்த கதை: எம்.டெக் வாய்மொழித் தேர்வு அனுபவம்

முடிவு வந்து நான்கு நாள் ஆகிறது. ‘திருத்தங்களுடன் தேர்ச்சி’. திருத்தம் என்றால் எழுத்துப்பிழை என்று நினைக்காதீர்கள். பதினெட்டு சிமுலேஷன் ஓட்டங்களில் பத்தை மறுபடி ஓட்ட வேண்டும். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மணல் படுகைக்குள் எஃகுக் குண்டு பாய்வதை, ஒவ்வொரு மணியின் அசைவையும் தனித்தனியாகக் கணக்கிடும் டிஇஎம் (DEM) என்ற கணினி சிமுலேஷனில் பார்ப்பதுதான் என் ஆய்வு. இந்த முறையை முன்வைத்து பீட்டர் கண்டால், ஓட்டோ ஸ்ட்ராக் இருவரும் 1979-இல் எழுதிய கட்டுரையைப் படிக்காமல் இந்தப் பக்கம் வந்திருக்கமாட்டீர்கள். அடிப்படைகளை விட்டுவிடுகிறேன்.

என் வரைபடத்தில் வேகம் கூடக்கூட ஆழமும் ஏறியது. விநாடிக்கு 4 மீட்டரைத் தாண்டியதும் சட்டென்று இறங்கி மீண்டும் ஏறியது. புதிய இயற்பியல் கிடைத்துவிட்டதாக நம்பி ஓர் அத்தியாயமே எழுதியிருந்தேன். வெளித் தேர்வாளர் அதைப் புரட்டிவிட்டு, “படுகையை எப்படித் தயாரித்தீர்கள்?” என்றார். வாய் உலர்ந்துவிட்டது. முதல் எட்டு ஓட்டங்களுக்கு உராய்வோடு மணிகளைக் கொட்டியிருந்தேன். பிறகு, சீக்கிரம் அடங்கட்டும் என்று உராய்வை அணைத்துக் கொட்டிய வேறொரு படுகை. கொள்ளளவில் மணிகள் அடைத்திருக்கும் பங்கு முதலாவதில் 0.59, இரண்டாவதில் 0.64. இறுகிய மணலில் குண்டு ஆழமாக இறங்குமா? அந்தச் சரிவை உண்டாக்கியவன் நானே.

ஆகவே:

- கொட்டி அடங்கியதும் அந்தப் பங்கை அளந்து கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். சுவரோரத்தையும் மேற்பரப்பையும் தவிர்த்து நடுவில் அளக்க வேண்டும்.
- எல்லா மணியும் ஒரே அளவாக இருந்தால் படிகம்போல் அடுக்கிக்கொள்ளும். விட்டத்தில் கொஞ்சம் வேறுபாடு வையுங்கள்.
- ஒரே வேகத்துக்கு ஐந்து படுகைகள். ஒன்றை வைத்துக்கொண்டு வாதாடாதீர்கள்.
- மணிகளின் விறைப்பைக் குறைத்து (மென்மையாக்கி) கணினி நேரத்தை மிச்சம் பிடித்தால், மணிகள் ஒன்றுக்குள் ஒன்று எவ்வளவு புதைகின்றன என்று பாருங்கள்.

கோட்பாட்டுக் கேள்வி ஒன்றுதான் வந்தது: மணலில் பாயும் குண்டைத் தடுக்கும் விசைக்கு கட்சுராகி, டுரியன் என்ற இயற்பியலாளர்கள் 2007-இல் தந்த சமன்பாட்டில் வேகத்தின் வர்க்கம் ஏன் வருகிறது? வழியில் கிடக்கும் மணிகளைக் குண்டு தள்ளி முடுக்குவதால். அந்தச் சமன்பாட்டில் ஆழத்தோடு வளரும் மற்ற உறுப்பு, மேலிருக்கும் மணலின் பாரத்தால் வரும் உராய்வு. இதை மட்டும் தடுமாறாமல் சொன்னேன்.

மாதிரித் தேர்வு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நண்பர்கள் முன் பேசினால் எனக்குக் கை நடுங்கும், அதனால் வைக்கவில்லை. நடுங்காதவர்கள் வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், அந்த மாலையில் இன்னொரு படுகை கொட்டலாம். என்னுடையது இப்போது மூன்றாவது அடங்கிக்கொண்டிருக்கிறது, உராய்வோடு.