ஆட்டத்தோடு ஓர் அரட்டை அறையை இணைத்த கதை: நாட்குறிப்பு

ஜூன் 7, 2025, சனி

பள்ளிகள் திறந்ததும் எங்கள் லுவான்டி ஆட்டத்தின் சர்வர் வெறிச்சோடிவிட்டது. மே மாதம் முழுக்க எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் பதினைந்து இருபது பேர் உள்ளே இருப்பார்கள். இப்போது மாலை ஏழு மணிக்கு மேல்தான் ஆள் நடமாட்டம். யாருக்கும் ஆட்டம் சலித்துவிடவில்லை, நேரம்தான் ஒத்துவரவில்லை. கோவை அக்காவுக்கு வேலை முடிந்து பேருந்தில் வீடு திரும்பும் அந்த ஒரு மணி நேரம்தான் ஓய்வு. நின்றுகொண்டே வரும் பேருந்தில் சுரங்கம் தோண்ட முடியுமா? கனடாவின் ஸ்கார்பரோவில் இருக்கும் அண்ணாவுக்கு நம் இரவு ஒன்பது மணி என்பது காலை 11:30, வேலை நேரம். இரண்டு பேருமே ஊர்க் கதை தெரியாமல் தவிக்கிறார்கள்: பாலம் முடிந்ததா, சந்தையில் யார் கடை போட்டிருக்கிறார்கள், புதிதாக யார் வந்திருக்கிறார்கள் என்று.

ஆட்டத்தைத் திறக்காமலே ஆட்டத்துக்குள் இருப்பவர்களோடு பேச ஓர் அறை வேண்டும். இன்று இரவு கூடிப் பேசி முடிவு செய்துவிட்டோம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நாங்கள் ஆடுவது லுவான்டியில். கட்டிகளை அடுக்கி ஊர் கட்டி, சுரங்கம் தோண்டி, பலர் ஒரே உலகில் சேர்ந்து ஆடலாம். பெர்ட்டு அஹோலா என்ற பின்லாந்துக்காரர் 2010-ல் தொடங்கிய திறமூல மென்பொருள். மைன்டெஸ்ட் என்ற பழைய பெயர் 2024 அக்டோபரில்தான் மாறியது. காசு கிடையாது, பழைய ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். எங்களிடம் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதற்கு அதுதான் காரணம். கீழே வரப்போகும் முடிவுகளில் பாதி அவர்களை நினைத்து எடுத்தவை.

ஜூன் 8, ஞாயிறு

எந்த அறை என்பதில் இன்று நீண்ட விவாதம்.

வாட்ஸ்அப் குழு போதுமே என்று இரண்டு பேர் கேட்டார்கள். எல்லார் போனிலும் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் புதிதாக எதுவும் கற்க வேண்டாம், உண்மைதான். ஆனால் குழுவில் சேர்ந்தால் நம் எண் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆட்டத்தில் புனைபெயரில் இருக்கும் பதினான்கு வயதுப் பெண்ணின் போன் எண்ணை முன்பின் தெரியாத நாற்பது பேர் கையில் கொடுக்க நான் தயாராக இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

யாழ்ப்பாணத்து அண்ணா ஐஆர்சி என்ற பழைய இணைய அரட்டை முறைக்காக வாதாடினார். 1988-ல் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்காரினென் எழுதியது, இன்றும் உயிரோடு இருக்கிறது, எந்த நிறுவனத்தின் கையிலும் இல்லை. எனக்கும் அதன்மேல் பிரியம் உண்டு. தமிழுக்குத்தான் அது இடம் தரவில்லை. அதன் நெறிமுறையில் ஒரு செய்திக்கு 512 பைட்தான் எல்லை. அனுப்புபவர் பெயர், சேனல் பெயர் எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும். முழு இடமும் கிடைத்தால்கூட 170 குறியீடு. சற்று நீளமாக ஒரு வாக்கியம் எழுதினாலே வால் அறுந்துபோகும்.

கடைசியில் டிஸ்கார்டு என்ற குழு அரட்டைச் செயலிக்கு ஒப்புக்கொண்டோம். அங்கே 13 வயதுக்கு உட்பட்டவர்கள் கணக்குத் தொடங்கக் கூடாது. எனவே சின்னப் பிள்ளைகள் ஆட்டத்துக்குள் மட்டும்தான் பேசுவார்கள், அறைக்கு வர மாட்டார்கள். இதில் யாருக்கும் விதிவிலக்கு இல்லை.

ஜூன் 11, புதன்

வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். அமைப்பு எளிமையானது. சர்வருக்குள் லுவா மொழியில் ஒரு சின்ன மாட் (ஆட்டத்தோடு சேர்க்கும் துணை நிரல்). யாராவது பேசினால் அதைப் பிடித்து, அதே கணினியில் ஓடும் பைத்தான் நிரலுக்கு எச்டிடிபி வழியாகக் கொடுக்கும். பைத்தான் நிரல் வெப்சாக்கெட் வழியாக டிஸ்கார்டோடு எந்நேரமும் இணைந்திருக்கும். அறையில் யாராவது பேசினால் அது வாங்கி வைத்துக்கொள்ளும், மாட் வந்து கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும்.

லுவான்டியில் ஒரு மாட் இணையத்தைத் தொட வேண்டுமானால் சர்வர் அமைப்புக் கோப்பில் அதன் பெயரை எழுதி அனுமதி தர வேண்டும். நல்ல ஏற்பாடு. இறக்கிப் போடும் மாட்களெல்லாம் இஷ்டத்துக்கு வெளியே பேச முடியாது.

ஆட்டத்திலிருந்து போகும் பேச்சுக்கு வெப்ஹூக் (வெளியிலிருந்து அறைக்குச் செய்தி போட டிஸ்கார்டு தரும் முகவரி) வைத்தேன். அதில் ஒவ்வொரு செய்தியையும் பேசியவர் பெயரிலேயே போடலாம். எல்லாமே 'பாட்' (அந்தப் பைத்தான் நிரல்) பெயரில் வந்தால் அது அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கும், மனிதர்கள் பேசுவதுபோல இருக்காது. அப்புறம் ஒன்று: வெப்ஹூக் போட்ட செய்தியையே பாட் திரும்பப் படித்து ஆட்டத்துக்கு அனுப்பினால் எதிரொலி நிற்காது. வெப்ஹூக்கிலிருந்து வந்தால் தொடாதே என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

ஜூன் 14, சனி

இன்று முழுக்கத் தமிழோடுதான். சோதனைச் சர்வரில் மதுரைத் தம்பியும் நானும்.

முதல் சிக்கல் நீளம். நாங்கள் அடித்தளமாக எடுத்துக்கொண்ட ஆயத்த மாட், செய்தி 300-ஐத் தாண்டினால் வெட்டிவிடும். லுவாவில் அந்த 300 என்பது பைட் கணக்கு. 'வணக்கம்' என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் ஏழு குறியீடு, நினைவகத்தில் 21 பைட். இடையில் வரும் இடைவெளிகள் ஒற்றைப் பைட் என்பதால், 300-வது பைட் பெரும்பாலும் ஏதோ ஓர் எழுத்தின் நடுவில்தான் விழுகிறது. வெட்டிய இடத்தில் ஒரு குப்பைக் குறி வந்து நிற்கும். குறியீடு குறியீடாக எண்ணி, வெட்டு விழும் இடத்தில் நிற்பது கொம்போ காலோ புள்ளியோ ஆனால் அதன் மெய்யையும் சேர்த்தே நீக்குகிற மாதிரி மாற்றினோம்.

இரண்டாவது சிக்கல் பெரியது. அறையில் எல்லாரும் தமிழில் எழுதுவார்கள், அங்கே அழகாகத் தெரியும். ஆட்டத்தில் தமிழ் எழுத்துரு வைத்தாலும் எழுத்துகள் சேராது. வந்த வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் திரையில் வரையப்படும். யூனிகோடில் 'கெ' என்றால் முதலில் க, பிறகு கொம்பு. ஆகவே கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, பார்த்தால் அடுத்த எழுத்தின் கொம்பு போலிருக்கிறது. இதனால்தான் ஆட்டத்துக்குள் எல்லாரும் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறார்கள். வேறு வழியில்லை.

மதுரைத் தம்பி கேட்டான்: "அண்ணே, அது வர்ற வரிசையிலதானே வரையுது? நாமளே வரிசையை மாத்திக் கொடுத்தா?"

யூனிகோடு பரவுவதற்கு முன்னால் டிஸ்கி குறியேற்றத்தில் தமிழ் இப்படித்தான் இருந்தது. கையால் எழுதும் வரிசையில், கொம்பு முதலில், மெய் அடுத்து. அந்த வரிசைக்கே திரும்பினோம். எ, ஏ, ஐ கொம்புகளை மெய்க்கு முன்னால் தள்ளுவது. ஒ, ஓ, ஔ வந்தால் இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது. 'கொடு' என்று அனுப்பினேன். கொம்பு, க, கால், ட என்று சரியாக வந்து நின்றது. உகரம் மட்டும் எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது, அதற்கு இந்த வழியில் மருந்தில்லை. ஆனால் தடங்கலில்லாமல் வாசிக்கலாம். இத்தனை நாள் ஆட்டத்துக்குள் படிக்க முடியாமல் இருந்த மொழி, இன்று படிக்கக் கிடைத்தது. தம்பிக்குக் கைகொடுத்திருப்பேன், அவன் மதுரையில் இருக்கிறான், நான் திருச்சியில்.

இந்த மாற்றம் திரைக்கு மட்டும்தான். ஆட்டத்திலிருந்து அறைக்குப் போவது யூனிகோடு வரிசையிலேயே போக வேண்டும், இல்லாவிட்டால் அங்கே கெடும்.

ஜூன் 19, வியாழன்

எது கடக்கலாம், எது கடக்கக் கூடாது?

தனிச் செய்திகள் கடக்கவே கூடாது. தனிச் செய்தி அனுப்புவதும் ஒரு கட்டளைதான், சாய்கோட்டில் (/) தொடங்கினால்தான் லுவான்டி அதைக் கட்டளையாக எடுக்கும். முன்னால் வேறு ஏதாவது ஓர் எழுத்து தவறி விழுந்தால் அதே வரி எல்லாருக்கும் பொதுப் பேச்சாகப் போய்விடும். ஆட்டத்துக்குள் ஐந்து பேர் பார்த்து மறந்துவிடுவார்கள். அறையிலோ பதிவாகவே தங்கிவிடும். அது ஒரு தோழிக்கு எழுதியதாக இருக்கலாம், கடவுச்சொல்லாகக்கூட இருக்கலாம். முன்னால் எது இருந்தாலும், சாய்கோட்டோடு வரும் வரியை மாட் தடுத்து நிறுத்தும்.

அறையில் உள்ள எல்லாரையும் ஒரே நேரத்தில் அழைக்கும் குறியை யாராவது ஆட்டத்துக்குள்ளிருந்து தட்டினால் ஸ்கார்பரோவில் விடியற்காலை போன் அலறும். வெப்ஹூக்கில் அழைப்புகளை முழுதாக அணைத்து வைக்க ஓர் அமைப்பு இருக்கிறது, வைத்தாகிவிட்டது. யார் உள்ளே வந்தார், யார் எரிமலைக் குழம்பில் விழுந்தார் என்பதெல்லாம் தனிச் சேனலுக்கு.

ஜூன் 22, ஞாயிறு

கோவை அக்கா கேட்ட கேள்வி: "ஆட்டத்துல ஒருத்தர் வாயை மூடிவச்சோம்னா, அவர் அறையிலிருந்து வந்து பேசினா என்ன பண்ணுவே?"

சரியான இடத்தில் கைவைத்தார். லுவான்டியில் ஒருவரின் பேச்சுரிமையை மட்டும் தனியாக எடுத்துவிடலாம், ஆடலாம் ஆனால் பேச முடியாது. இரண்டு இடத்துப் பெயர்களையும் பிணைக்காவிட்டால் அந்தத் தடைக்குப் பொருளே இல்லை. ஆகவே ஆட்டத்துக்குள் ஒரு குறியெண் கேட்டு வாங்கி, அதை அறையில் போட்டால்தான் அங்கிருந்து ஆட்டத்தோடு பேச முடியும் என்று வைத்தோம். பிணைக்காதவர்கள் வாசிக்கலாம், அவ்வளவுதான். ஓரிடத்தில் தடை விழுந்தால் இரண்டு இடத்திலும் விழும்.

கெட்ட சொல் வடிகட்டியை நான் பெரிதாக நம்பவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். பட்டியல் நீள நீள நல்ல சொல்தான் மாட்டுகிறது. எனக்கு நம்பிக்கை தருவது வேறு: லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் ஆட்டத்தில் எதிரணியோடு பேசும் வசதியை, வேண்டுபவர்கள் மட்டும் இயக்கிக்கொள்ளலாம் என்று மாற்றிப் பார்த்ததை, அதை உருவாக்கிய ரயட் கேம்ஸ் நிறுவனத்தில் இருந்த ஜெஃப்ரி லின் 2013-ல் விளக்கியிருக்கிறார். பேச்சின் அளவு குறையவில்லை, வசைப் பேச்சு மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. யாரையும் தண்டிக்காமல் கிடைத்த பலன் அது. நாங்களும் அப்படியே செய்கிறோம். அறைப் பேச்சு ஆட்டத்தில் தானாகத் தெரியாது, வேண்டுபவர்கள் இயக்கிக்கொள்வார்கள்.

ஜூன் 28, சனி

திறந்தாயிற்று.

ஆறு மணிக்கு எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் ஆற்றங்கரையில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தான். "இது எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று பொதுவில் கேட்டான். உள்ளே யாருக்கும் தெரியவில்லை. அறையிலிருந்து பதில் வந்தது, கோவை அக்கா, பேருந்திலிருந்து: "இடது பக்கம் குகை இருக்கு தம்பி, அங்க போகாதே. ஆத்துக்கு மேல பாலம் போட்டு நேரா வா. போன வருஷம் நான் வச்ச விளக்குக் கம்பம் தெரியும்." அவன் பாலம் போட்டான். அக்கா இறங்கும் நிறுத்தம் வரும்வரை கூடவே இருந்தார். கம்பம் தெரிந்ததும் அவன் எழுதியது: "அக்கா கம்பம்!!"

ஜூலை 5, சனி

இரவு பத்தரைக்கு அறையில் புதிதாக வந்த ஒருவர், ஒரு பெண் பிள்ளையின் பெயரைச் சொல்லி எந்தப் பள்ளி, என்ன நம்பர் என்று கேட்டார். பெயரைப் பிணைக்காதவர், அதனால் அந்த வரி ஆட்டத்துக்குள் போகவில்லை. அந்தப் பிள்ளை அதைப் பார்க்கவும் இல்லை. யாழ்ப்பாணத்து அண்ணா விழித்திருந்ததால் ஒரு நிமிடத்துக்குள் ஆளை வெளியேற்றினார்.

இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. நாங்கள் நிறுவனம் அல்ல, நண்பர்கள் கூடி நடத்தும் சர்வர். ஆனாலும் பிள்ளைகளின் பேச்சு எங்கே போகிறது, எவ்வளவு நாள் இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டும். பதிவுகளை 30 நாளில் அழிப்பது என்று இன்று தீர்மானித்தோம். அதைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, ஆட்டத்தில் நுழையும் இடத்தில் பலகையாக நட்டுவிட்டேன். உறுப்பினர்களுக்குள் தனிச் செய்தி அனுப்பும் வசதியை அவரவர் பக்கத்தில் அணைப்பது எப்படி என்றும் அதிலேயே இருக்கிறது.

அறையைத் திறந்து வைத்திருக்கும் நேரமெல்லாம் பொறுப்பான ஒருவர் விழித்திருந்தாக வேண்டும். நேர வித்தியாசம் இதற்கு உதவுகிறது: இரவு 12 மணி முதல் காலை 6 வரை ஸ்கார்பரோ அண்ணா. காலை 6 முதல் 9 வரை பினாங்கு அக்கா, அங்கே அப்போது எட்டரை. பகலில் நானும் மதுரைத் தம்பியும் மாறி மாறி. இரவு 9 முதல் 12 வரை யாழ்ப்பாணத்து அண்ணா. மாலை 6 முதல் 9 வரைக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை, கூட்டம் அதிகம் இருப்பதும் அப்போதுதான். ஆள் கிடைக்கும்வரை அந்த மூன்று மணி நேரம் அறையிலிருந்து ஆட்டத்துக்குப் போகும் வழியை மூடி வைக்கிறேன். பேருந்தில் இருக்கும் அக்காவுக்கு மட்டும் தனி அனுமதி போட்டிருக்கிறேன். யாராவது முன்வந்தால் சொல்லுங்கள்.