புளோரிடா ஏலத்துல ஒரு 67 ஜிடிஓ

மச்சான் புளோரிடால இருக்கான், பழைய மசில் கார் (பெரிய இஞ்சின் போட்ட அமெரிக்க வண்டி) ஒண்ணு வாங்கியே தீருவேன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தான். ஜனவரில அங்க கிஸிம்மின்னு ஒரு ஊர்ல மீகம் ஏலம் நடக்கும், நாலாயிரம் வண்டிக்கு மேல வரும். "மாமா, நீங்க போன்லயாவது கூட இருங்க"ன்னான். அங்க மத்தியானம் 3 மணின்னா நமக்கு ராத்திரி 1:30, அதுவும் கோத்தகிரில ஜனவரி குளிரு, ரெண்டு கம்பளி போத்திட்டு உக்காந்திருந்தேன்.

இங்க குன்னூர்ல தேயிலை ஏலம் 1963ல இருந்து நடக்குது, இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லதான். ஆனா இன்னிக்கும் சாம்பிளை வாயில உறிஞ்சித் துப்பிப் பாக்காம எந்த பையரும் விலை வைக்க மாட்டாரு. கார் ஏலமும் அதேதான். மேடையில வண்டி நிக்கறது ரெண்டு மூணு நிமிஷம், மைக் புடிச்சு ஏலம் விடறவர் கத்தற வேகத்துல ஒண்ணும் யோசிக்க முடியாது, அதனால பாக்கறதெல்லாம் முந்தின நாளே பாத்து முடிச்சிரணும்.

அவன் புடிச்சது 1967 பான்டியாக் ஜிடிஓ, செவப்பு. முதல்ல டிரைவர் கதவைத் திறந்து நம்பர் தகட்டைக் காட்டுறான்னேன். 242ன்னு ஆரம்பிச்சா நிஜ ஜிடிஓ, 237ன்னா லெமான்ஸ், அதே கம்பெனியோட வேற மாடல், பேட்ஜை மட்டும் மாத்தி ஒட்டி ஜிடிஓ ஆக்கிருப்பாங்க. 242 இருந்துச்சு. அப்புறம் ஒரு சின்ன காந்தத்தைத் துணில சுத்தி பின் சக்கரத்துக்குப் பின்னாடி மெதுவா ஓட்டச் சொன்னேன். தகடுன்னா இழுக்கும், பட்டி வச்சிருந்தா வழுக்கிட்டுப் போயிரும். இடது பக்கம் ஒரு கை அகலத்துக்குப் பட்டி. டிக்கி மேட்டைத் தூக்கினா அடியில நல்ல தகடு, பின் கண்ணாடி வழியா தண்ணி எறங்கின துரு கொஞ்சம், ஓட்டை இல்ல. நம்ம ஊர் டிங்கர் ஒரு வாரத்துல முடிச்சிருவாரு.

விஷயம் இஞ்சின்லதான். கம்பெனில வச்சது 400 க்யூபிக் இன்ச், அதாவது 6.6 லிட்டர். இதுல இருந்தது பின்னாடி வந்த 455. பேப்பர்ல பாத்தா வண்டி பொறந்த கலரும் பச்சை. விக்கறவரு இதை மறைக்கல, கார்டுலயே எழுதியிருந்தாரு. மச்சானுக்கு மொகம் வாடிருச்சு, "நம்பர் மேட்சிங் இல்லையே மாமா, கம்பெனில வச்ச இஞ்சினே இல்லையே." அடேய் அதனாலதான்டா இது உன் கைக்கு எட்டற விலைல நிக்குது! ஒரிஜினல் இஞ்சினோட வாங்கறவன் அதைக் கவர் போட்டு மூடி வச்சு விலை ஏறுதான்னு பாத்துட்டிருப்பான், உனக்கு ஞாயித்துக்கிழமை ஓட்டணும், அவ்ளோதானே.

கணக்கும் அப்பவே போட்டாச்சு. சுத்தியல் விழுற விலைக்கு மேல ஏலக் கம்பெனிக்குப் பத்து சதவீதம் பிரீமியம், அப்புறம் வரி, வீட்டுக்குக் கொண்டு வர்ற டிரக் கூலி. அதனால 40 ஆயிரம் டாலருக்கு மேல கையைத் தூக்காதன்னு சொல்லி வச்சிருந்தேன். 30 வரைக்கும் நாலஞ்சு பேரு, 35க்கு மேல தொப்பி போட்ட ஒரு பெரியவர் மட்டும்தான். 38ன்னு இவன் தூக்கினதும் பக்கத்துல ஏலக்கார ஆளு வந்து அந்தப் பெரியவர் மொகத்துக்கு நேரா நின்னு இன்னும் ஆயிரம் இன்னும் ஆயிரம்னு கெஞ்சறான், அவரு பொண்டாட்டியைப் பாத்தாரு, அந்தம்மா தலையை ஆட்டுச்சு. முடிஞ்சுது. பிரீமியத்தோட 41,800.

ரிசர்வ், அதாவது இதுக்குக் கீழ விக்க மாட்டேன்னு ஒரு விலை, இருந்திருந்தா இந்த விலைக்கு விட்டிருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம்தான்.

இப்ப வேலை பிரேக்ல. நாலு சக்கரத்துக்கும் பழைய டிரம் பிரேக், 455 இஞ்சினுக்கு அதெல்லாம் பத்தவே பத்தாது. புளோரிடா தட்டை ஊரு, ஓட்டிருவான். நம்ம ஊட்டி பக்கம் கல்லட்டி மலைப்பாதைல 36 ஊசி வளைவு எறங்கச் சொன்னா பாதிலயே புகை வந்துரும். முன்னாடிக்கு டிஸ்க் பிரேக் போடு, அந்த வருஷம் கம்பெனியே ஆப்ஷனா குடுத்ததுதான்னு சொல்லிருக்கேன். கிட் விலை கேட்டுட்டு இருக்கான், அக்கா கிட்ட மட்டும் சொல்லிராதீங்கன்னு நேத்து மெசேஜ் வேற.