தோட்டத்துப் பாதைக்கு எந்த பிளேடு?
தோட்டத்துக்குப் போகிற கிராவல் பாதை இந்த மழைக்கும் குண்டும் குழியுமாகிவிட்டது. மண்ணை வழித்துச் சமன் செய்ய டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற பிளேடு ஒன்று வாங்கலாம் என்று பத்து நாளாக விசாரித்து, ரியர் பிளேடு, பாக்ஸ் பிளேடு என்ற இரண்டு வகையையும் இரவல் வாங்கி ஓட்டியும் பார்த்துவிட்டேன்.

ஒற்றைத் தகடு மட்டும் உள்ள ரியர் பிளேடு விலை குறைவு. பக்கவாட்டில் திருப்பி வைத்தால் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் கிராவலை நடுவுக்கு இழுத்து வரும், வாய்க்கால் ஓரமும் எடுக்கலாம். ஆனால் பின் சக்கரம் குழியில் இறங்கும்போது பிளேடும் ஏறி இறங்குவதால் பாதை அலை அலையாகிவிடுகிறது. அகலத்தையும் கவனியுங்கள், ஆறடி பிளேடை 30 டிகிரி திருப்பினால் கிடைப்பது ஐந்தடி சொச்சம்தான், சக்கரத் தடம் வெளியே நிற்கும். 45 எச்பி வண்டிக்கு ஏழடி பார்ப்பது நல்லது.

பெட்டி மாதிரி இருக்கும் பாக்ஸ் பிளேடு வேறு ரகம். முன்னால் இருக்கும் பற்கள் இறுகிய மண்ணைக் கிளறிவிடும், பெட்டி அதைச் சுமந்துபோய்ப் பள்ளத்தில் விடும். பிளேடின் மேல்பக்கத்தை டிராக்டரோடு இணைக்கும் கம்பியான டாப் லிங்க்கைக் குறுக்கினால் ஆழமாகக் கடிக்கும், நீட்டினால் தடவி சமன் செய்யும். குழியில் மேலே மண் போட்டு மூடினால் அடுத்த மழைக்கே திறந்துவிடும், அடி வரைக்கும் கிளறி மறுபடி பரப்பினால்தான் நிற்கும். அதனால் நான் பாக்ஸ் பிளேடுதான் எடுக்கப்போகிறேன்.

அப்புறம், எதை வாங்கினாலும் மண் லேசாக ஈரமாக இருக்கும்போது ஓட்டுங்கள். பத்தடிப் பாதைக்கு நடுவில் இரண்டரை அங்குலம் உயர்த்தி விடுங்கள், தண்ணீர் தேங்காது.