காந்தள் படத்தில் அடங்கிய காலம்

டர்பன் தமிழர்களுக்குக் காந்தள் அயல்நாட்டுப் பூ இல்லை. தமிழ்நாட்டின் மாநில மலரான அதே செங்காந்தள், டர்பன் அமைந்துள்ள தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கடலோரக் காடுகளிலும் தானாகவே முளைத்து, கோடை மழை தொடங்கியபின் நுனி சுருண்ட இலைகளால் புதரைப் பற்றி ஏறிப் பூக்கிறது; குளிர் வந்ததும் கொடி காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரோடு இருக்கிறது. அங்கே கார்காலத்திலும் இங்கே கோடையிலும் பூத்தாலும், அது காத்திருப்பது மழைக்காகத்தான்.

தாவர ஓவியர்கள் இத்தகைய கொடியை வரையும்போது மொட்டையும், பசுமஞ்சளாக விரிந்து சிவப்பேறும் இதழையும், வெடித்த காயையும், கிழங்கையும் ஒரே தாளில் சேர்ப்பதுண்டு. காட்டில் எந்த நாளிலும் அவற்றை ஒருசேரக் காண முடியாது. ஆகவே அப்படத்தை மாதங்களின் வரிசையாகப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 19ஆம் நூற்றாண்டில் டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் வாழ்ந்து நேட்டால் மலர்களை வரைந்த கேத்தரின் சாண்டர்ஸ் கரும்புத் தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்தவர். காடு அழிந்து கரும்பு வளர்ந்த அந்த நிலப்பகுதியில்தான் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் உழைத்தார்கள் என்ற நினைவு, அவருடைய ஓவியங்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என்னுடன் வருகிறது.

காலத்தை இவ்வாறு ஒன்றாகக் குவிப்பது நமக்குப் புதிதன்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர், மகளிர் பறித்துப் பாறைமேல் குவித்த பூக்களைக் காந்தளில் தொடங்கி அடுக்குகிறார். மழையில் மலரும் காந்தளும், வேனிலை ஒட்டிப் பூக்கும் தேமாவும், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சியும் ஒரே குவியலில் கிடப்பதை ஒரு நாளின் செய்தியாகக் கொண்டால் அது பிழையாகத் தோன்றும்; மலையின் பருவங்கள் அனைத்தையும் ஒரு பாறையில் வைத்துக் காட்டிய ஓவியமாகவே நான் அதைப் படிக்கிறேன்.

இப்படிப் படிக்கப் பழகியவர், படத்தில் இல்லாததையும் கவனிப்பார். 1895இல் தாவரவியலாளர் ஜான் மெட்லி வுட், டர்பனுக்கு வடக்கே உள்ள ஙோயே காட்டில் கண்டெடுத்த, இன்று அவர் பெயரால் வழங்கும் ஈந்துப்பனை (பனைபோலத் தோன்றினாலும் பூக்காமல் கூம்பு விடும் சைக்காடு) இனத்தில் ஆண் மரம் மட்டுமே கிடைத்தது. காட்டில் பெண் மரத்தை இன்றுவரை எவரும் கண்டதில்லை. எனவே அதை எவ்வளவு நுட்பமாக வரைந்தாலும் ஆண் கூம்போடு நிறுத்தத்தான் வேண்டும். விதையையும் முளையையும் வரைய ஓவியருக்கு வழியில்லை. டர்பன் தாவரவியல் பூங்காவில் நிற்பவையும் உலகின் பிற தோட்டங்களில் நிற்பவையும் அந்த ஒரே ஆண் மரத்தின் பக்கக் கன்றுகளிலிருந்து வந்தவைதாம்.