சுவான்சௌவுக்கு ஒரு டிக்கெட்

நவம்பரில் சீனா போகலாம் என்று முடிவு செய்ததும் எல்லோரும் கேட்டது பெருஞ்சுவரைத்தான். எனக்கு என்னவோ சுவான்சௌதான். மார்கோ போலோ ஸைத்தூன் என்று எழுதி வைத்த துறைமுகம், 2021ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெயரைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள், நான் அவசரத்தில் குவாங்சோவுக்கு டிக்கெட் போடப் பார்த்தேன், அது வேறு ஊர்!

பக்கத்து நகரமான சியாமென்னில் இறங்கி அதிவேக ரயில் பிடித்தால் அரை மணி நேரத்தைச் சுற்றித்தான் ஆகும். முதல் நாள் முழுக்கக் கையுவான் கோயிலுக்கு. புத்தர் கோயில்தான், ஆனால் பெரிய மண்டபத்தின் பின்புறம் நிற்கும் இரண்டு கல்தூண்களில் நரசிம்மர் இரணியனின் வயிற்றைக் கிழிக்கிறார், உரலோடு கட்டப்பட்ட கண்ணன் இரண்டு மரங்களுக்கு நடுவில் தவழ்கிறான். நம் வணிகர்கள் கட்டி, பிறகு இடிந்துபோன கோயிலிலிருந்து வந்த தூண்கள். 1281ல் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டும் இந்த ஊரில் கிடைத்ததுதான்.

அப்புறம் 1009ல் தொடங்கிய சிங்ஜிங் மசூதி, கடல்சார் அருங்காட்சியகம், நேரம் இருந்தால் லுவோயாங் பாலம்.

கூகுள் மேப் அங்கே வேலை செய்யாது. பணம் செலுத்த உதவும் சீனச் செயலியான அலிபேயை இங்கேயே போனில் போட்டு கார்டை இணைத்துவிட்டேன். விசாவுக்குப் போட்டோ எடுப்பதுதான் பாக்கி.